பல் வேண்டாத இறைச்சி

உருத்திரபுரம் குடியேற்றத்தில் இளையதம்பியை எல்லோருக்கும் இரண்டு காரணங்களால் தெரியும். ஒன்று, உலக யுத்தம் நடந்த காலத்தில் அவன் பட்டாளத்தோடு எகிப்துவரை போய் வந்தவன். மற்றது, அவன் வீட்டில் சோறு வைக்கோலில் வேகிறது.

எகிப்தில் அவன் துப்பாக்கி பிடிக்கவில்லை. வீதி போட்டான், மூட்டை தூக்கினான். அவர்களுடைய பிரிவுக்குச் சமைத்தவன் ஒரு வெள்ளைக்காரன். பாலைவனத்தில் விறகு கிடையாது. அதனால் அவன் காலையில் ஒரு பெரிய பானையில் மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் கரட்டையும் போட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்க வைப்பான். பிறகு கொதி அடங்குமுன் பானையை மூடி, வைக்கோல் அடைத்த மரப்பெட்டிக்குள் இறக்கி, மேலேயும் வைக்கோலை அமுக்கி, பெட்டியை லொறியில் ஏற்றிவிடுவான். பொழுதுபடும்போது லொறி எங்கே நிற்கிறதோ அங்கே பெட்டியைத் திறந்தால், கரண்டி பட்ட இடத்தில் இறைச்சி பிரிந்து விழும். சைவக் குடும்பத்தில் பிறந்த இளையதம்பி முதல் இரண்டு நாளும் கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றான். மூன்றாம் நாள் அவனுடைய முறை வருமுன்பே கிழங்கு முடிந்துவிட்டது.

ஊர் திரும்பிக் கலியாணம் முடித்தபின் மனைவி இராசேஸ்வரிக்கு எகிப்துக் கதையெல்லாம் சொன்னான். ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னான், மணற்காற்றைப் பற்றிச் சொன்னான், வைக்கோல் பெட்டியைப் பற்றியும் சொன்னான். அதற்குள் என்ன வைத்தார்கள் என்று அவள் கேட்டபோது, "பருப்பு" என்றான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் காணி எடுத்தபின் விதைப்புக்கும் களை பிடுங்கவும் இருவருமே வயலில் நிற்கவேண்டியிருந்தது. வீட்டில் அடுப்பைப் பார்க்க ஆளில்லை. இளையதம்பி கிளிநொச்சிச் சந்தியில் கடை வைத்திருந்த லாபிரிடம் ஒரு பழைய தேயிலைப் பெட்டி வாங்கி, மூடி செய்து, அது திறந்து மூடப் பிணைச்சல் பூட்டி, வைக்கோல் அடைத்தான். லாபிர் வவுனியாப் பக்கத்தவன். இளையதம்பியின் நெல்லை வருஷாவருஷம் வாங்குகிறவன் அவன்தான்.

"நெருப்பில்லாமல் வேகிற சோறு வயித்துக்குள்ள போய்த்தான் மிச்சம் வேகும்," என்றாள் இராசேஸ்வரி.

மத்தியானம் வயலால் வந்து பெட்டியைத் திறந்தபோது பானையைக் கையால் தொட முடியவில்லை. அவள் சோற்றை விரலால் நசித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். அடுத்த நாள் விடிய, "வைக்கல் காணாது, இன்னும் கொஞ்சம் அடையுங்கோ," என்றாள். அதுதான் அவள் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பாராட்டு. அதன் பிறகு பருப்பும் கொள்ளும் கடலையும் அவள் கையாலேயே பெட்டிக்குள் போயின. எது எவ்வளவு நேரம் கிடக்கவேண்டும் என்பது இளையதம்பியை விட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இளையதம்பிக்கு நினைவுக்கு வந்தது கடலை அல்ல.

ஒருநாள் நெல் நிறுத்துக்கொண்டிருந்தபோது லாபிர் தன் வாப்பாவைப் பற்றிக் கதைத்தான். வாப்பாவின் பெயர் அப்துல் மஜீத். பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியாக நின்ற இரண்டையும் அவரே ஆட்டிக் கழற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து மாட்டிறைச்சி தின்று பழகிய மனிதர் இப்போது கஞ்சி குடிக்கிறார். குடித்துவிட்டு எல்லோரையும் ஏசுகிறார்.

"அவிச்சுக் குடுக்கிறதுதானே?" என்றான் இளையதம்பி.

"என்னண்ணை அவிக்கிறது? இஞ்ச வெட்டுறதெல்லாம் உழுது களைச்ச கிழட்டு மாடு. பல்லிருக்கிற நானே ஒரு துண்டோட அரை மணித்தியாலம் சண்டை பிடிக்கிறன். லதீபா விடிய அடுப்பில வைச்சால் பின்னேரம் தண்ணி வத்தி அடிப்பிடிச்சுப் போகுது. வெளியில கரி, உள்ள கயிறு. உரலில போட்டு இடிச்சுக் குடுத்தாள். 'இடிச்ச இறைச்சி பிள்ளையளுக்குக் குடுக்கிறது, நான் என்ன பிள்ளையோ' எண்டு கோப்பையைத் தள்ளிவிட்டார்."

இளையதம்பி மூட்டைகளை நிறுத்து முடித்தான். கடைசி மூட்டையைக் கட்டும்போது, "துண்டு துண்டா வெட்டக்கூடாது," என்றான். "பின்சந்தில, தொடைப் பக்கமா, ஒரு பெரிய துண்டு, முழுசா வைக்கவேணும். என்னட்ட ஒரு பெட்டி இருக்கு."

பிறகு, "எனக்கும் ஒரு பங்கு வேணும்," என்றான்.

லாபிர் அவனைப் பார்த்தான். நெற்றியில் திருநீறு இருந்தது. "அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியாது. தெரிஞ்சால் பெட்டி வராது."

இளையதம்பி பொய் சொல்லப் பிரியப்படாதவன். அதனால் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் பின்னேரமே பிணைச்சலில் ஒன்றைத் தானே கழற்றி வைத்துவிட்டு, விடிந்ததும், "பிணைச்சல் கழண்டுபோச்சு, சந்தியில தச்சனிட்டக் குடுக்கவேணும்," என்று சொல்லிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டினான்.

லாபிரின் வீடு கடைக்குப் பின்னால், மற்றத் தெருவைப் பார்த்தபடி இருந்தது. இளையதம்பி சொல்லச் சொல்ல லாபிரின் மனைவி லதீபா செய்தாள். இறைச்சியில் உப்பும் மிளகும் பூசி, தேங்காயெண்ணெயில் நாலு பக்கமும் சிவக்கப் புரட்டினாள். வெங்காயம், உருளைக்கிழங்கு, ரயிலில் வந்த கரட் எல்லாவற்றையும் வெட்டாமல் போட்டாள். அரைவாசிக்குத் தண்ணீர் விட்டு, நன்றாகக் கொதித்தபின் மூடிக் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். எகிப்தில் இவ்வளவுதான். ஆனால் இளையதம்பி முகம் திரும்பிய நேரத்தில் லதீபா கறுவாப்பட்டையும் இஞ்சியும் கொஞ்சம் வினாகிரியும் சேர்த்திருந்தாள். அவன் கண்டும் காணாததுபோல் இருந்தான்.

"பின்னேரம் வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனான்.

பின்னேரம் வந்து திறந்தபோது இறைச்சி பிணைச்சலை விட உறுதியாக இருந்தது. கிழங்கே வேகவில்லை. பானை இளஞ்சூடாக, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல இருந்தது. லதீபா, தான் அவன் சொன்னபடியே செய்ததாகச் சத்தியம் பண்ணினாள். இளையதம்பி வைக்கோலைக் கிளறிப் பார்த்தான். பெட்டியின் அடியில் கையை விட்டுத் தடவினான். மஜீத் கதிரையில் இருந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு நேரமும் யாரையும் ஏசவில்லை என்பதை லாபிர்தான் முதலில் கவனித்தான்.

"வாப்பா, நீங்க திறந்தனீங்களோ?"

"திறக்கேல்ல."

"உண்மையாத்தான்?"

"மூடியைக் கொஞ்சம் தூக்கினனான். வாசம் பார்க்க."

"எத்தினை தரம்?"

"வாசத்தை ஒரு தரம் பார்த்தால் காணுமோ?" என்றார் மஜீத்.

அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பச் செய்வதென்று முடிவாயிற்று. பெட்டி அங்கேயே நின்றது. தச்சனுக்கு வேலை கூடிப்போச்சு என்று இளையதம்பி வீட்டில் சொன்னான். அதற்கிடையில் தச்சனிடம் கொடுத்துப் பிணைச்சலையும் பூட்டிவிட்டான். களை பிடுங்கும் காலம். இராசேஸ்வரி வயலால் வந்து சேற்றுக் கையைக் கழுவிவிட்டு அடுப்பு மூட்டவேண்டியிருந்தது. சில நாள் காலையில் வைத்த சோற்றையே ஆறியபின் தின்றார்கள். அவள் தச்சனை ஏசியதைக் கேட்க இளையதம்பிக்கு, ஒரு குற்றமும் செய்யாத அந்தத் தச்சன்மேல் இரக்கமாக இருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அவன் வயலுக்குப் போகவில்லை. விடியவே சந்திக்கு வந்து, பானை பெட்டிக்குள் இறங்கியதும் மூடியைச் சாத்தி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டான். பெட்டி விறாந்தையில் இருந்தது. தெருவால் போகிறவர்களுக்கு அவன் தெரிந்தான்.

மஜீத் ஜும்ஆவுக்குப் போகும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. தொழுதுவிட்டு வந்து, கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"தம்பி, கால் மரத்திருக்குமே. கொஞ்சம் எழும்பி நடவும்."

"காலுக்கு ஒண்டுமில்லை, காக்கா."

"தண்ணி குடிக்கேல்லையோ?"

"லதீபா தந்தவா."

"மூத்திரம் வருமே?"

"வந்தால் உங்கட மகன் வந்து இருப்பார்."

அந்த நேரம் மண்ணெண்ணெய் வாங்க வந்தவர் ஏரம்பு. இளையதம்பியின் வயலுக்கு அடுத்த வயல்காரர். கடைக்குள்ளிருந்து பின்பக்கத்தைப் பார்த்தவர், இளையதம்பியை வா, சேர்ந்து போவோம் என்று கூப்பிட்டார். அவன் வரவில்லை. ஏன் வரமாட்டாய் என்று கேட்டார். இருக்கவேண்டியிருக்கு என்றான். ஏரம்பு மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு நேரே இராசேஸ்வரியிடம் போனார்.

"பிள்ளை, உம்மட மனுசன் லாபிர் வீட்டு விறாந்தையில ஒரு பெட்டிமேல குந்திக்கொண்டு இருக்கிறார். எழும்பச் சொன்னாலும் எழும்புறாரில்லை. எனக்கென்னவோ வடிவாப் படேல்ல."

இராசேஸ்வரி பிடுங்கிய களையை வரம்பில் போட்டாள். வாய்க்காலில் கால் கழுவி, சேலை மாற்றி, சந்திக்குப் போன மாட்டுவண்டி ஒன்றில் ஏறினாள். வழி முழுவதும் அவள் நினைத்தது, மனிதனுக்குப் பட்டாளத்தில் பட்ட வெயில் இப்போதுதான் தலைக்கு ஏறியிருக்கிறது என்று. லாபிர் வீட்டுப் படலையடிக்கு வந்து அவனைப் பார்த்தபோது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் அவன் இருந்த பெட்டியை அடையாளம் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ."

"ஏலாது," என்றான் இளையதம்பி.

"தச்சன் பிணைச்சல் பூட்டேல்லையோ?"

"பூட்டியிட்டான்."

"அப்ப பெட்டி ஏன் இஞ்ச கிடக்கு?"

"உள்ளுக்குக் கிழங்கு வேகுது."

"கிழங்கோட வேறென்ன?"

"கரட்."

லதீபா குசினி வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். மஜீத்துக்குப் பசி பொறுக்கவில்லை.

"மாடு, மகள்," என்றார். "இந்த மனுசன் சொல்லமாட்டுது. மாட்டிறைச்சி. எனக்குப் பல் இல்லை, அதுக்காகத்தான் செய்யுது. குறை நினைக்காதேங்கோ."

தெருவால் ஒரு லொறி போயிற்று. அதன் புழுதி அடங்கும்வரை இராசேஸ்வரி படலையைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப எகிப்திலயும் பருப்பு இல்லை," என்றாள்.

இளையதம்பி மூடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் அடுத்ததாக. அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"காக்கா இறைச்சி தின்னுறது வெள்ளியில எல்லோ," என்றான் இளையதம்பி மெல்ல.

"பானையை எப்ப வைச்சனீங்கள்?"

"காலமை ரயில் போகேக்க."

அவள் வெயிலைப் பார்த்தாள். வேம்பின் நிழல் விறாந்தைப் படியை இன்னும் தொடவில்லை.

"அப்ப என்னத்துக்கு என்னை எழும்பி வாங்கோ எண்டு சொல்ல விட்டனீங்கள்? இருங்கோ. கடலைக்கே பின்னேரமாகும், இது மாடு. இப்ப திறந்தால் ஒண்டுக்கும் உதவாது."

இன்னும் பொறுக்கவேண்டுமே என்று மஜீத் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

லதீபா ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேம்பின் கீழே போட்டாள். இராசேஸ்வரி அதைப் பெட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டு இருந்தாள். அந்த வீட்டில் தேநீர் குடிப்பாளோ மாட்டாளோ என்று லதீபாவுக்குத் தெரியாததால், லாபிரைக் கொண்டு ஒரு இளநீர் வெட்டுவித்தாள். இராசேஸ்வரி வாங்கிக் குடித்தாள். கோம்பையை எங்கே போடுவதென்று கேட்டாள். பிறகு வேறு கதை இல்லாததால் லதீபா, "அக்கா, புது வைக்கல் நல்லதோ, பழசு நல்லதோ?" என்று கேட்டாள்.

"புதுசு. காஞ்சிருக்கவேணும். ஈரமெண்டால் சூடு நிக்காது. மேலால ஒரு தலையணை வைச்சனீங்களோ?"

"சாக்குத்தான் வைச்சது."

"தலையணை வைக்கவேணும். பஞ்சுத் தலையணை." கொஞ்சம் பொறுத்து, "எங்கட தலையணையைத் தரமாட்டன்," என்றாள்.

"இல்லையக்கா, எங்களிட்ட இருக்கு," என்றாள் லதீபா.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து மஜீத் திரும்பி வந்ததும், இராசேஸ்வரி நிழலைப் பார்த்துவிட்டு, "இனித் திறக்கலாம்," என்றாள். சொல்லிவிட்டுத் தன் கதிரையைத் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்து, அவர்களுக்கு முதுகு காட்டி இருந்தாள்.

அவளுக்குப் பின்னால் மூடி திறந்தது. சாக்கை எடுத்தார்கள். பானையை யாரோ தூக்க, சுடுகுது, துணி கொண்டுவா என்று லாபிர் கத்தினான். பிறகு கோப்பைகள் வந்தன. "கத்தி எங்க?" என்று லாபிர் கேட்டான். "கத்தி வேண்டாம், கரண்டியே போகுது," என்றாள் லதீபா.

மஜீத் பிஸ்மில்லாஹ் சொன்னது கேட்டது. அதன் பிறகு அவரிடமிருந்து நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. சுகமில்லாமல் போய்விட்டாரோ என்று இராசேஸ்வரி திரும்பப் போனாள். ஆனால் திரும்பவில்லை.

"மகள் லதீபா," என்றார் மஜீத் கடைசியில். "இதுக்கு முதல் நான் பல்லை வைச்சுக்கொண்டு என்னத்தைத் தின்றன் எண்டு எனக்கு விளங்கேல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு திரும்பவும் அமைதி. அந்த அமைதியில் ஒரு கோப்பை தொடப்படாமல் இருக்கிறது என்பது இராசேஸ்வரிக்குத் தெரிந்தது. கலியாணம் முடித்த நாள் முதல் அந்த மனிதன் சாப்பிடும் சத்தம் அவளுக்குப் பழக்கம்.

"சாப்பிடுங்கோ," என்றாள் தெருவைப் பார்த்தபடி. "காலமை துவக்கம் குந்தியிருந்தது என்னத்துக்கு?"

இளையதம்பி சாப்பிட்டான்.

வீடு திரும்பும்போது சைக்கிளில் பின்னால் ஏற அவள் சம்மதிக்கவில்லை. அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். அவள் மற்றப் பக்கத்தில் நடந்தாள். இருவருக்கும் நடுவில் சைக்கிள் வந்தது. வாய்க்கால் கட்டில் ஏறினார்கள்.

"எகிப்தில மாதிரி இருந்ததோ?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை."

"ஏன், கெட்டுப்போச்சோ?"

"இது அதைவிட நல்லம். அங்க உப்பு மட்டும்தான். இதுக்கு அவா கறுவா எல்லாம் போட்டவா."

"பிறகேன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாறியள்?"

இளையதம்பி யோசித்தான். தண்ணீர் மதகுக்குள் இறங்கும் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"பதினைஞ்சு வருஷமா அதை நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றான். "அது அப்பிடியொண்டும் பெரிசில்லை எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. அங்க சரியான பசி, அதுதான் போல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மறைத்ததற்கு அவனை ஏசுவதென்று இராசேஸ்வரி வழி முழுவதும் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவை இப்போது பொருந்தவில்லை. வளவுக்குள் போனதும், "கிணத்தடிக்குப் போங்கோ," என்றாள். அவன் குளித்தான். இன்னும் ஒருதரம் குளிக்கச் சொன்னாள். குளித்தான். உடுத்திருந்த வேட்டியைத் தனியே தோய்க்கச் சொன்னாள், தோய்த்தான். திருநீற்றுக் குடுவையை அவள் எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகுதான் அவனை வாசற்படி ஏறவிட்டாள்.

"அந்தப் பெட்டி இனி இந்த வீட்டுக்கு வரக்கூடாது," என்றாள்.

"ஓம்."

"எனக்கு வேறொண்டு வேணும். அதைவிடப் பெரிசா."

"ஓம்."

"நாளைக்கே."

"லாபிரிட்டச் சொல்லுறன்."

"வெள்ளிக்கிழமையில அங்க சாப்பிடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை எங்க போறியள், என்ன செய்யிறியள் எண்டு நான் கேக்கமாட்டன். வெள்ளியெண்டால் கேப்பன்."

லாபிர் அடுத்த நாளே ஒரு புதுத் தேயிலைப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பிணைச்சல் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தது. இராசேஸ்வரி மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, பரவாயில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கதையை இளையதம்பி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, லாபிர் அதை வாப்பாவிடம் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றான். மஜீத் வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு இறைச்சி தின்பது அவருடைய வாப்பா காலத்துப் பழக்கம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் தின்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லியனுப்பினார்.

அந்த மாரி முடியுமுன் மஜீத்தின் கன்னம் நிரம்பிவிட்டது. லதீபா விடியவே பானையைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு, மற்ற வேலைகளைப் பார்த்தாள். அடிப்பிடிப்பதற்கு அடியில் நெருப்பே இல்லை. மஜீத் இப்போது மூடியைத் தொடுவதில்லை. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருப்பார். இளையதம்பி சில ஞாயிற்றுக்கிழமைகளில் போனான், சிலவற்றில் வயலில் வேலை கூட என்று நின்றுவிட்டான். எகிப்தைப் பற்றி அவன் முன்னைப்போல் அதிகம் கதைப்பதில்லை.

நெல் அறுத்துச் சூடடித்து முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சைக்கிளை எடுத்தபோது, இராசேஸ்வரி ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து கரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்கினாள்.

"இதென்னத்துக்கு?" என்றான்.

"பழைய வைக்கல் நசிஞ்சிருக்கும், சூடு நிக்காது. லதீபாட்டக் குடுங்கோ. அடியில இருந்து மாத்தச் சொல்லுங்கோ, மேலால மட்டும் போடக்கூடாதெண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ," என்றாள். கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, கடலையைப் பெட்டியில் வைக்கக் குசினிக்குள் போனாள்.